சிறிய பிக்கப்பில் எவ்வளவு வீடு ஏற்றலாம்?

அமெரிக்காவில் விற்கும் எந்தப் புதிய சிறிய பிக்கப்பானாலும், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். எத்தனை பேர் உட்காரலாம், டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பவற்றோடு, ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று ஓர் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். டொயோட்டா டகோமா, நிஸான் ஃபிரான்டியர், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற வண்டிகளில் அந்த எண் பெரும்பாலும் 450 கிலோவுக்கும் 700 கிலோவுக்கும் இடையில் நிற்கும். குட்டி வீடு போன்ற கேம்பர் ஒன்றைப் பிக்கப்பின் முதுகில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்கும் மலைக்கும் கிளம்ப நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், அதுவும் கேம்பருக்கு முன்பணம் கட்டிய பிறகு.

சிறிய பிக்கப் என்று இங்கே நான் சொல்வது ஐந்தடி அல்லது ஆறடிப் பின்தொட்டியோடு, சாதாரண வாகன நிறுத்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும் வண்டிகளை. அவற்றில் ஏற்றும் கேம்பர்கள் மூன்று வகை. கெட்டிச் சுவரும் கெட்டிக் கூரையுமாக முழுப் பெட்டியாய் வருவது ஒன்று. ஓடும்போது கூரை தாழ்ந்திருந்து, நிறுத்திய இடத்தில் தூக்கினால் துணிச்சுவர் விரியும் பாப்-அப் இன்னொன்று. 1972இல் தொடங்கிய ஃபோர் வீல் கேம்பர்ஸ் என்ற கலிஃபோர்னியா நிறுவனம் இந்த வகைக்குப் பேர்போனது. மூன்றாவது அண்மை ஆண்டுகளில் பரவியது: தொட்டியின் மேல் அலுமினியச் சட்டத்தால் ஆன வெறும் கூடு, அதன் தலையில் ஒரு பக்கம் மட்டும் உயரத் திறக்கும் படுக்கை. மொன்டானாவின் கோ ஃபாஸ்ட் கேம்பர்ஸ் செய்வது அந்த வகை. முதல் வகை பெரும்பாலும் 500 கிலோவைத் தாண்டும். மூன்றாவது 125 கிலோ அளவிலேயே முடிந்துவிடும். இந்த இடைவெளிக்குள்தான் நன்மை தீமை அத்தனையும் அடங்கியிருக்கிறது.

சிறிய பிக்கப்பின் மேல் வீட்டைச் சுமக்கும் ஆசை புதியதல்ல. அதன் பழைய கதை கோழியிலிருந்து தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் வந்து குவிய, மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் அடங்கிய ஐரோப்பியப் பொதுச் சந்தை அதன்மேல் வரியை ஏற்றியது. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகியவற்றுக்கு 25 சதவீத இறக்குமதி வரியை அறிவித்தார். டிரக் மீதான வரி நிலைத்துவிட்டது. ஜப்பானிய நிறுவனங்கள் அதற்கு ஒரு வழி கண்டன. பின்தொட்டி இல்லாமல் கேபினையும் ஷாசியையும் மட்டும் கொண்டுவந்தால் வரி 4 சதவீதம்தான்; கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அமெரிக்காவிலேயே தொட்டியைப் பொருத்திக்கொள்ளலாம். 1980இல் சுங்கத் துறை அந்த வழியை அடைக்கும்வரை டொயோட்டாவும் டாட்சனும் மாஸ்டாவும் இப்படித்தான் உள்ளே வந்தன.

தொட்டியில்லாத டொயோட்டா ஷாசி கையில் கிடைத்ததும், கேம்பர் கட்டுபவர்கள் அதன்மேல் வீட்டை எழுப்பத் தொடங்கினார்கள். சினூக், டால்ஃபின், சன்ரேடர் என்ற பெயர்களில் குட்டி மோட்டார் வீடுகள் வந்தன. நூறு குதிரைத்திறனை ஒட்டிய நாலு சிலிண்டர் இன்ஜின். உள்ளே படுக்கை, ஸ்டவ், பல வண்டிகளில் கழிப்பறைகூட. பெட்ரோல் விலை எகிறிய காலத்தில் இவை நன்றாக விற்றன. இன்றும் மலைச்சாலைகளில், பின்னால் வரிசையாகக் கார்கள் காத்திருக்க, நிதானமாக ஏறிக்கொண்டிருக்கும் பழைய டால்ஃபினைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த வண்டிகளின் பின் அச்சு உடைந்தது. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இன்றைய கேம்பர் பிரச்சினையில் பாதி புரிந்துவிடும். பிக்கப்புக்காகச் செய்த அரை மிதப்பு அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. தண்டு முறிந்தால் சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிடும். அதிகப் பாரத்துக்கு ஈடாகப் பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டினார்கள்; பார்க்க லாரி மாதிரிதான் இருந்தது. ஆனால் அச்சு பழைய அச்சே. நான்கு டயர்களும் ஒரே மெல்லிய தண்டில்தான் தொங்கின. கூட்டாட்சி அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட, வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன்பின் வந்தவற்றில் முழு மிதப்பு அச்சு இருந்தது. அதில் பாரத்தை வெளிக்கூடு தாங்கும், தண்டு சுழற்றும் வேலையை மட்டும் பார்க்கும். பழைய டொயோட்டா மோட்டார் வீடு வாங்குபவர்கள் இன்றும் முதலில் பின் சக்கரத்தில் போல்ட்டுகளை எண்ணுவார்கள். ஐந்து என்றால் பழைய அச்சு, அதைத் தவிர்க்க வேண்டும். ஆறு என்றால் மேற்கொண்டு பேசலாம்.

வண்டி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. டகோமா ஒன்றில் அந்த ஒட்டுத்தாள் 520 கிலோ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதற்கென்றே விற்கும் முழு வசதி பாப்-அப் கேம்பரின் வெற்று எடை ஏறத்தாழ 450 கிலோ. பெரியவர்கள் இருவர் 150 கிலோ. 20 கேலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 75 கிலோ. சமையல் எரிவாயு சிலிண்டர், இரும்பும் வாயுவுமாக 17 கிலோ. கூடுதல் பேட்டரி, வெளிப்பந்தல், சூரிய ஒளித் தகடு என்று 40 கிலோ. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி, கருவிகள் இன்னும் 60 கிலோ. கூட்டினால் 792. அனுமதித்ததைவிட 272 கிலோ அதிகம். பயணத்துக்குக் கிளம்பும் முன்பே, வீட்டு வாசலில் நிற்கும்போதே அந்த வண்டி ஓவர்லோடு. இதில் நான் எதையும் மிகைப்படுத்தவில்லை. நாய்க்கும் சைக்கிளுக்கும் எடை போடவும் இல்லை.

அதே வண்டியில் 125 கிலோ கூடு என்றால்? ஆட்கள் 150, கேனில் தண்ணீர் 40, சின்ன சிலிண்டரும் ஸ்டவ்வும் 12, குளிர்ப்பெட்டி 25, மற்றவை 80. மொத்தம் 432 கிலோ. கையில் இன்னும் 88 கிலோ மீதி.

விளம்பரத் தாள்களில் முன்னால் நிற்பது வெற்று எடை என்பதுதான் வாங்குபவர்களை ஏமாற்றுகிறது. தொட்டியில் ஏற்றும் கேம்பருக்கு, தண்ணீரும் எரிவாயுவும் குளிர்ப்பெட்டியும் அடங்கிய எடையை எழுதி ஒட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதியே இருக்கிறது. எவ்வளவு சரக்கு எடை ஏற்கும், கேம்பரின் ஈர்ப்பு மையம் தொட்டியில் எங்கே விழ வேண்டும் என்று பிக்கப் நிறுவனமும் சொல்லியாக வேண்டும். இவ்வகைக் கேம்பரைச் சுமக்க இந்த வண்டி வடிவமைக்கப்படவில்லை என்றே சில சிறிய பிக்கப்களின் கையேடுகள் ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன. கேம்பர் விற்பனைக் கூடத்தில் யாரும் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ஸ்பிரிங் பட்டை கூட்டிக்கொள்ளலாம், காற்றுப் பை வைத்துக்கொள்ளலாம், பத்து பிளை டயர் மாட்டலாம். நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பட்டை ஏற்றுவதுபோலத்தான் இதுவும். பின்பக்கம் தொங்காது, வளைவில் ஆட்டம் குறையும். கேம்பர் ஏற்றினால் இவற்றைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் தொங்கும் வண்டியை நிமிர்த்துவது வேறு, தாங்கும் வலுவைக் கூட்டுவது வேறு. பிரேக் அதேதான். 2023 வரை வந்த டகோமாவில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். ஷாசியின் பின்பாதி ஒருபக்கம் திறந்த சட்டம். அச்சும் அதன் பேரிங்கும் மாறுவதில்லை. நிறுவனம் நிர்ணயித்த மொத்த எடை வரம்பும் அப்படியே நிற்கும்.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே சோதித்துச் சான்றளித்த தொங்கல் அமைப்பைப் பொருத்தி, வண்டியின் எடை வரம்பைச் சட்டப்படியே உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. தவிரவும் அங்கே ஓடும் ஹைலக்ஸ் ஒரு டன் அளவுக்குச் சுமக்கும் வேலைக்கார வண்டி. 1995இல் டொயோட்டா அமெரிக்காவுக்கென்று டகோமாவைத் தனியாகக் கொண்டுவந்தபோது, அதைச் சுமைக்காக அல்லாமல் சொகுசாக ஓட்டுவதற்காகவே பதப்படுத்தியது. ஏறத்தாழ ஒரே உடம்பு, சுமப்பதில் பாதி. ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் கேம்பர் ஏற்றிய ஹைலக்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, நம் டகோமாவும் தாங்கும் என்று முடிவுகட்டுவது தவறு. அந்த ஆஸ்திரேலியாவிலும், நான்கு கதவுப் பிக்கப்பில் பின்னச்சுக்குப் பின்னால் பாரத்தைக் குவித்து மேடுபள்ளத்தில் ஓட்டி, கேபினுக்குப் பின்னால் ஷாசி வளைந்த வண்டிகள் பல. குட்டைத் தொட்டியின் கஷ்டம் இதுதான். பெட்டியின் பின்பாதி பின்னச்சைத் தாண்டி வெளியே நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அது நெம்புகோலாகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தக் கேம்பர்களை ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. அவை போகக்கூடிய இடங்கள் அப்படி. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி நுழையக் கூடாது. மோட்டார் வீட்டில் வருபவர்கள் அடிவாரத்தில் அதை விட்டுவிட்டு வேறு வண்டி தேட வேண்டும். டகோமாவின் நீளம் பத்தொன்பது அடிக்குள். அளவான கேம்பர் ஏற்றினாலும் வரம்புக்குள்ளேயே நிற்கும். யூட்டாவின் சயான் பூங்காச் சுரங்கப்பாதை 1930இல் திறந்தது. 11 அடி 4 அங்குல உயரமோ 7 அடி 10 அங்குல அகலமோ தாண்டிய வண்டி வந்தால், வழக்கமாக எதிர்ப்புறப் போக்குவரத்தையே நிறுத்தித்தான் அதை விட வேண்டியிருந்தது. கூரை தாழ்த்திய பாப்-அப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது.

டெத் வேலியில் யூபிஹீபி எரிமலை வாயிலிருந்து ரேஸ்ட்ராக் பிளாயாவுக்குப் போகும் மண்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 27 மைல், முழுக்கச் சலவைப் பலகை போன்ற வரிவரியான தரை, டயரைக் கிழிக்கும் கூர்ங்கற்கள். உயரமான வண்டியும் தடித்த டயரும் இல்லாதவர்களைப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. டிரெய்லர் இழுத்துக்கொண்டு அங்கே போவது புத்திசாலித்தனம் அல்ல. கூடு ஏற்றிய சிறிய பிக்கப், டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மெல்லப் போய்ச் சேர்ந்துவிடும். போய் வந்த பிறகு அதே வண்டியில் மறுநாள் அலுவலகத்துக்கும் போகலாம், கடைவாசலில் நிறுத்தலாம்.

மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் 24 கோடி ஏக்கருக்கு மேல் பொது நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் கட்டணமின்றி, ஓரிடத்தில் பொதுவாக 14 நாள் வரை தங்கலாம். தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு எதுவும் கிடையாது. மண்பாதையில் உள்ளே செல்லச் செல்லக் கூட்டம் குறையும். இந்த நிலத்துக்கு ஏற்ற வண்டி சிறிய பிக்கப் கேம்பர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டெண்ட் அடிப்பவர் இருட்டில், காற்றில், ஈரத்தில் படும் பாடு இதில் இல்லை. வண்டியை நிறுத்தி, கொக்கிகளை விடுவித்து, கூரையைத் தள்ளினால் சில நிமிடங்களில் படுக்கை தயார்.

படுக்கை தயார் என்றேன். அதில் படுத்துப் பார்த்தால்தான் மறுபக்கம் தெரியும். சிறிய கேம்பர்கள் பலவற்றில் மெத்தை வண்டியின் குறுக்கே கிடக்கும். உள்பக்கம் படுத்தவர் நடுராத்திரியில் எழ வேண்டுமானால், மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். குளிர் இரவில் இரண்டு பேர் விடும் மூச்சே துணிச்சுவரில் நீராய்க் கோத்து, விடியும்போது மெத்தையின் ஓரம் நனைந்திருக்கும். நம்முடைய சமையல் என்றால் கேட்கவே வேண்டாம்: சோறு வடித்து, குழம்பு கொதிக்க வைத்தால் சுவரெல்லாம் வியர்க்கும். தாளித்த வாசனை படுக்கைத் துணியிலிருந்து நாள்கணக்கில் போகாது. சமையலை வெளியே, பின்கதவின் மேல் வைத்துக்கொள்வதே நல்லது. ஹீட்டர் இருந்தால் குளிர் தாங்கும், ஆனால் துணிச்சுவர் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. காற்று பலமாக அடித்தால் துணி இரவு முழுக்கப் படபடக்கும். எரிவாயு ஸ்டவ்வோ ஹீட்டரோ உள்ளே இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது.

துணிச்சுவருக்கு இன்னொரு தடையும் உண்டு. யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகள் நடமாடும் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம். துணிச்சுவர் பாப்-அப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கரடிப் பகுதிகளிலேயே அதிகம் தங்க நினைப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. கெட்டிச் சுவர் வேண்டும் என்றால் எடை ஏறும். எடை ஏறினால் சிறிய பிக்கப் தாங்காது.

குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான்கு கதவு கேபினில் நால்வர் வசதியாக உட்காரலாம், ஆனால் கேம்பரில் இருவர்தான் படுக்கலாம். உள்ளே இருக்கும் இருக்கையை மடக்கி ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்பார்கள். ஐந்து வயதுவரை சரி. நான்கு பேரின் எடையும் அதே 520 கிலோவுக்குள்தான் வர வேண்டும். மழை பெய்தால் நால்வரும் அந்த ஆறடிக் கூட்டுக்குள் நாள் முழுக்க உட்கார வேண்டும். அங்கே கழிப்பறை என்பது இருக்கையின் அடியிலிருந்து இழுத்து எடுக்கும் ஒரு பெட்டிதான்.

கேம்பரை இறக்கி வைத்துவிட்டு வண்டியை வேறு வேலைக்கு ஓட்டலாம் என்பதை ஒரு பெரிய நன்மையாகச் சொல்வார்கள். கொள்கையளவில் உண்மைதான். நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து, கட்டுக்கம்பிகளைத் தளர்த்தி, மின்கம்பியைக் கழற்றி, அங்குலம் அங்குலமாக வண்டியை வெளியே எடுக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது இன்னும் சிரமம். நான் பார்த்தவரை பெரும்பாலானோர் ஏற்றியதை ஏற்றியபடியே வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்திருந்தால் அலுவலகத்துக்குப் போகும்போதும் அந்த எடைக்குப் பெட்ரோல் செலவாகும். 2020ஆம் ஆண்டு நான்கு சக்கர இயக்க வி6 டகோமாவுக்கு அரசு தரும் மைலேஜ் கேலனுக்கு 20 மைல், அதாவது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். கேம்பரின் எடையும் அது வாங்கும் எதிர்க்காற்றும் அதிலிருந்தும் பிய்த்துக்கொள்ளும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வசதியும் சேர்த்த புதிய பாப்-அப் 30,000 டாலரைத் தாண்டும், வெறும் கூட்டின் விலை அதில் ஒரு பகுதிதான். நான்கு சக்கர இயக்கத்தோடு கட்டிமுடித்த பெரிய வேனோடு ஒப்பிட்டால் இரண்டுமே மலிவு.

இந்தக் கணக்கைச் சரியான பக்கத்திலிருந்து தொடங்கியவர்கள் ஜப்பானியர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கே டிரக் எனும் குட்டிச் சரக்கு வண்டிக்குச் சட்டமே அளவு வகுத்திருக்கிறது: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி, ஏற்றும் சுமை 350 கிலோ. அதன் தொட்டியில் கழற்றி மாட்டும் கேம்பரைச் சரக்கு என்றே கணக்கில் கொள்வார்கள். 350 கிலோவுக்குள் அது அடங்கியாக வேண்டும். ஆகவே கட்டுபவர் அந்த எண்ணிலிருந்து பின்னோக்கி வருகிறார். மெல்லிய பலகை, ஒரு மெத்தை, ஒரு சன்னல், சிறிய ஒற்றை ஸ்டவ். தொட்டியில் ஏற்றியபின் வண்டி தன் இயல்பில் ஓடுகிறது. அமெரிக்காவில் முதலில் வீட்டை வரைந்துவிட்டு, பிறகு அதைச் சுமக்க வண்டியைத் தேடுகிறோம்.

இரண்டு பெரியவர்கள், வெளியே சமைப்பதில் தயக்கம் இல்லாதவர்கள், மண்சாலைக்கு அடிக்கடி போகிறவர்கள்: இவர்களுக்குச் சிறிய பிக்கப்பில் ஏற்றிய இலகுரகக் கூட்டைவிடச் சிறந்த ஏற்பாடு இன்று இல்லை என்பது என் தீர்ப்பு. வருடத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் மட்டும் போகிறவர்கள் வாங்கத் தேவையில்லை. வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். முழு வசதிப் பாப்-அப்பைச் சிறிய பிக்கப்பில் ஏற்ற விரும்புகிறவர்கள், ஏற்கெனவே அப்படி வைத்திருக்கும் ஒருவரோடு லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடைக்குப் போய், தண்ணீர் நிரப்பி, ஆட்கள் உள்ளே இருக்க, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். செலவு சில டாலர்தான். பின்னச்சின் எடை வரம்பைத் தாண்டியிருந்தால் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் சரி. குழந்தைகளோடு நான்கு பேர் என்றால் சிறிய பிக்கப்பும் ஒரு நல்ல டெண்டும் போதும். கேம்பர்தான் வேண்டும் என்றால் முதலில் முக்கால் டன் வகைப் பெரிய பிக்கப்பை வாங்குங்கள், கேம்பரை அதன் பிறகு பார்க்கலாம்.